பூக்ரோவும் அறிவிப்பக்காவும்

அந்த நகர மன்றத்தில் மைக் என்றால் அறிவிப்பக்காதான். கச்சேரியோ பள்ளிப் பரிசளிப்போ, அடுத்து மேடைக்கு வருவது யார் என்று கணீரென்று சொல்வது அவர் வேலை. அதில் ஒரு பிடிவாதமும் உண்டு. யார் பெயராக இருந்தாலும் அந்த ஆளிடமே போய்ச் சொல்லச் சொல்லிக் கேட்பார், திருப்பிச் சொல்லிக் காட்டுவார், அவர் தலையாட்டிய பிறகுதான் மைக்கைத் தொடுவார். மந்திரியே வந்தாலும் தப்ப முடியாது.

அப்பேர்ப்பட்ட தொண்டையில் ஒரு கட்டி வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மாதக்கணக்கில் வாயே திறக்கக் கூடாது என்றாகிவிட்டது. கைதட்டிக் கூப்பிடுவதும் கண்ணை உருட்டித் திட்டுவதுமாகக் குடும்பம் ஓடியது. தையல்காரரான கணவர் நல்ல வாயாடி. அவரும் எதிர்ப்பேச்சு இல்லாமல் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

ஒருவழியாக மருத்துவர் பேசலாம் என்றதும், மன்றத்து மேலாளர் ஓர் ஓவியக் கண்காட்சியின் தொடக்க விழாவைக் கொடுத்தார். கொடுத்த கையோடு, "குரல் கடைசி வரிசை வரைக்கும் போகலேன்னா சொல்லிடுங்கக்கா. இனிமே பதிவு பண்ண குரலப் போட்டு ஓட்டிக்கலாம்" என்றும் சொல்லி வைத்தார். ஆனாலும் மைக்கை நினைத்தால் அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நிகழ்ச்சித் தாளைப் பார்த்தால் ஓவியர் பழைய பிரெஞ்சுக்காரர். கலைக்கழகத்தில் முறைப்படி பயின்று பெரிய பேர் வாங்கியவராம். வில்லியம் என்பதில் சிக்கல் இல்லை. அதற்குப் பின்னால் பத்து ஆங்கில எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மேலாளர் "பௌகுவெரியூ" என்றார். கணக்காளர் "போகரூ" என்றார். இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள்.

"வரைஞ்சவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர்கிட்ட எப்படிக் கேப்பே?" என்று கணவர் சீண்டினார்.

"அவர் நாட்டுலதானே நம்ம பொண்ணு இருக்கா? அவர் இல்லேன்னா அவர் ஊர் ஜனம் தலையாட்டட்டும்."

காணொளி அழைப்பில் வந்த மகள் சிரித்துக்கொண்டே கைப்பேசியோடு தன் வீட்டிலிருந்து கீழே இறங்கி, ரொட்டிக் கடைக்கார அம்மாளின் முகத்துக்கு நேராக அதை நீட்டினாள். அந்த அம்மாள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "பூக்ரோ" என்றாள். அவ்வளவுதான்.

"மிச்ச எழுத்தெல்லாம் எங்கடி போச்சு?"

"அதெல்லாம் சும்மா உக்காந்திருக்கும்மா. ஆனா எழுதும்போது ஒண்ணையும் விடக் கூடாது. அந்த 'ர' மட்டும் வாய் கொப்பளிக்கிற மாதிரி தொண்டைக்குள்ளேருந்து வரணும்."

அக்கா சொன்னார். கடைக்கார அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி சொன்னார். ரொட்டி வாங்க நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அம்மாள் பலமாகத் தலையாட்ட, வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அக்கா சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். அன்று முதல் வீடு முழுக்கப் பூக்ரோதான். பல் விளக்கினால் பூக்ரோ, பாத்திரம் கழுவினால் பூக்ரோ.

விழா அன்று கூடம் நிரம்பி வழிந்தது. கணவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, "பேர் அங்க வந்து சேர்ந்ததும் கையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு அக்கா மேடையேறினார். வணக்கம் கொஞ்சம் கரகரத்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, "வில்லியம் பூக்ரோ" என்றார்.

கடைசி வரிசையில் கை எழவில்லை.

போச்சு, அங்கே கேட்கவில்லை என்று அவருக்குப் பட்டது. இன்னும் உரக்க, "பூக்ரோ" என்றார். அப்போதும் கையைக் காணோம். தொண்டை போனாலும் போகட்டும் என்று மூன்றாம் முறை முழங்கினார். அக்கா பாடம் நடத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு கூடமே ஒரே குரலில் "பூக்ரோ" என்று திருப்பிச் சொன்னது. முன் வரிசையில் மேலாளரும் வாய்நிறையச் சொன்னார்.

விழா முடிந்ததும் மேலாளர் வந்து, அடுத்த மாதக் கச்சேரிக்கும் அக்காதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. நேரே கடைசி வரிசைக்குப் போனார்.

"ஒரு கையத் தூக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? எனக்கு உயிரே போயிடுச்சு."

கணவர் நிமிரவில்லை. முகத்தில் இரண்டு கைகளாலும் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தார். நனைந்த கைக்குட்டைக்குள்ளிருந்தே சொன்னார்.

"ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு."