பகல் பன்னிரண்டுக்கு மாறிய தேதி

டைம்கீப்பர் வீட்டம்மா விடிகாலையில் துணி துவைக்க உட்காரும்போது அவள் வலது கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, ஆண்பிள்ளை வாட்ச் ஒன்று இறுகிக் கிடக்கும். மணிக்கட்டில் கட்டினால் அது வளையல் மாதிரித் தொளதொளவென்று ஆடும், தண்ணீரும் படும். அதனால் ஒரு கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்து மேலே ஏற்றிவிடுவாள். மணி பார்ப்பதற்காக இல்லை. துணியைக் கும்மி, அலசி, பிழிந்து, உதறிக் கொடியில் போட்டு முடிக்கும்வரை அந்தக் கை ஓயாது. கை ஆடினால்தான் வாட்ச் ஓடும்.

அது பேட்டரியும் இல்லாத, சாவியும் கொடுக்க வேண்டாத வாட்ச். கட்டியவர் கை அசைய அசைய உள்ளே ஒரு தகடு சுற்றித் தானே முறுக்கேற்றிக்கொள்ளும். பேருந்துப் பணிமனையில் இருபத்தைந்து வருஷம் ஒரு நாள்கூடத் தாமதமாக வராததற்காக அவள் கணவருக்குக் கொடுத்தது. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுவது அவர் வேலை. ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் டைம்கீப்பர்தான்.

அவளுக்கென்று ஒரு வாட்ச் இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள். "உனக்கெதுக்கு வாட்ச்? நான்தான் இருக்கேனே" என்றார். பொய்யில்லை. கேட் சத்தம் கேட்டால் மணி ஆறு பத்து. கல்யாணத்தன்று பெண் வீட்டார் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்ததை முப்பத்துநான்கு வருஷமாகச் சொல்லிக் காட்டினார். அவளும் சளைத்தவள் இல்லை. "அந்த நாப்பது நிமிஷம்தான் நான் நிம்மதியா இருந்தது" என்பாள்.

ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு காலை, கட்டிலில் உட்கார்ந்து வாட்சைக் கட்டிக்கொண்டே, "இன்னிக்கு வாட்ச் கனமா இருக்கு" என்றார்.

"உங்களோட சேந்து அதுக்கும் உடம்பு போட்டிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தபடி அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவினாள், பால் காய்ச்சினாள், மேடையைத் துடைத்தாள். திரும்பி வந்தபோது அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார்.

பக்கவாதம். பேச்சு பத்து நாளில் திரும்பியது. காலும் தட்டுத் தடுமாறி வந்தது. இடது கை மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதும்மா?" என்று டாக்டர் கேட்டபோது அவள் ஒரு மணியைச் சொன்னாள். அது அவள் திரும்பி வந்து பார்த்த மணி. நடுவில் போன அரை மணி நேரத்தைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊருக்கெல்லாம் நேரம் எழுதியவர் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வாட்சைக் கேட்டார். இடது கையில்தான் கட்டவேண்டும் என்றார். இரண்டாம் நாள் அது நின்றுபோனது. "ரிப்பேருக்குக் குடு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரையும் அன்று திருப்பி அனுப்பினார். மறுநாளும் அனுப்பினார். பிறகு தினமும்.

கடைவீதியில் வாட்ச்காரர் பின்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸைச் செருகிப் பார்த்துவிட்டு மூடினார்.

"வாட்சுல ஒரு கோளாறும் இல்லம்மா. யார் கட்டுறது?"

"எங்க வீட்டுக்காரர்."

"கையை ஆட்ட மாட்டாரா?"

அவள் தன் இடது கையைத் தொங்கவிட்டுக் காட்டினாள். வாட்ச்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குரல் இறங்கியது. "வலது கையில கட்டிக்கச் சொல்லுங்க."

"அதுக்கு ஒத்துக்க மாட்டார்."

"அப்ப வேற யாராவது கொஞ்ச நேரம் கட்டி ஆட்டிக் குடுங்க. வாட்சுக்கு ஆள் யாருன்னு தெரியவா போகுது?" பிறகு நேரம் வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். "இந்தத் திருகை ஒரு சொடுக்கு இழுத்தா தேதி, ரெண்டு சொடுக்கு இழுத்தா முள். முள்ளை எப்பவும் முன்பக்கமாத்தான் சுத்தணும். தேதி எங்க தாண்டுதோ அதான் ராத்திரி பன்னண்டு. அதைப் பாத்துட்டு அப்புறம் காலை மணிக்கு வாங்க. பாக்காம வெச்சீங்கன்னா பட்டப்பகல்ல நாள் மாறும்."

தூங்கும்போது அவர் வாட்சைக் கழற்றி வைப்பது வழக்கம். மறுநாளிலிருந்து காலையில் அவர் கண் விழிக்கும்வரை அது அவள் கையில் இருந்தது. மதியம் அவர் தூங்கும் இரண்டு மணி நேரமும் இருந்தது. மிதியடியை அடித்தாள், தரையைத் தேய்த்தாள், வேலை இல்லாத நாளில் துவைத்த திரையையே மறுபடி துவைத்தாள். மாடியில் குடியிருந்த நாத்தனார் ஒரு நாள் கொடியருகே பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, டைம்கீப்பர் வேலையை உங்களுக்கு மாத்திட்டாங்களா?"

"ஆமா. இதுல ஓய்வுதான் கிடையாதாம்."

விஷயத்தைக் கேட்டதும் நாத்தனார் வாயில் கை வைத்தாள். "அண்ணனை நேரத்துல ஏமாத்த முடியாது அண்ணி. எத்தனை டிரைவரப் பாத்தவர்."

"நேரத்துல எங்க ஏமாத்துறேன்? நேரம் சரியாத்தானே ஓடுது."

நான்காம் நாள் அவர் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார். அது எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரியாததா? "ஓடுதே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கை அசையுது போலிருக்கு. எனக்குத் தெரியாமலே அசையுதோ என்னவோ."

"இருக்கும்" என்றாள். வாட்ச் விஷயத்தில் அதுவரை அவள் சொன்ன பொய் அந்த ஒரு வார்த்தைதான். அன்று பயிற்சிக்காரர் வரும் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பே அவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, மனசுக்குள் எண்ணிக்கொண்டு, பயிற்சிக்காரர் இருபது என்றால் இருபத்தைந்து செய்தார். சுண்டுவிரல் ஒரு முறை துடித்தது என்றார். பயிற்சிக்காரர் பார்க்கவில்லை.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் படுத்த படுக்கை. நாத்தனார் இறங்கி வந்து சமைத்தாள். வாட்சைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. மூன்றாம் நாள் எழுந்து பார்த்தால் வாட்ச் முந்தின இரவு எட்டு ஐம்பதில் நின்றிருந்தது. நல்லவேளை, அவர் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிய பிறகு. சுவர்க்கடிகாரத்தில் ஆறு நாற்பது. அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவசரத்தில் தேதியை ஒன்று தள்ளினாள். எட்டு ஐம்பதிலிருந்து முள்ளை முன்னால் கொண்டுபோக நேரமாகும். பின்னால் திருப்பினால் கிட்டத்தில் இருக்கிறது. திருப்பிவிட்டாள். வாட்ச் கணக்கில் அது மாலை ஆறு நாற்பது.

அடுத்த நாள் மதியம், சோற்றுத் தட்டை எடுக்க அவள் அறைக்குள் போனபோது அவர் பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"இன்னிக்குத் தேதி என்ன?"

"பதினஞ்சு."

"வாட்சுல பதினாறு. இப்பதான் மாறுச்சு. நேத்தும் பகல் பன்னண்டுக்குத்தான் மாறுச்சு."

"பழசாச்சுல்ல. கோளாறா இருக்கும்."

"கோளாறு இல்ல." குரலில் கோபம் இல்லை. தாமதமாக வந்துவிட்டுச் சீக்கிரம் வந்ததாகச் சொல்லும் டிரைவர்களிடம் இப்படித்தான் பேசுவாராம். "ஓடிக்கிட்டே இருக்குற வாட்சுக்குப் பகலும் ராத்திரியும் இடம் மாறாது. நின்னிருக்கு. முள்ளைத் திருப்பி வெச்சிருக்காங்க. நீ காய்ச்சல்ல படுத்தப்ப நின்னிருக்கு."

அவள் தட்டைக் கையில் எடுத்தாள். அவர் அவளுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே வாட்சின் சங்கிலி அழுத்திய தடம், கண்ணி கண்ணியாக.

"எத்தனை நாளா?"

"அறுபத்தெட்டு நாள். காய்ச்சல் ரெண்டு நாள் போக."

எழுதிக்கொள்வதைப் போலத் தலையை அசைத்தார். பிறகு, "கழட்டு" என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் இடது கையிலிருந்து வாட்சைக் கழற்றினாள். அவர் வலது கையை நீட்டினார். அவளால் கொக்கியை உடனே மாட்ட முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கையில் யாரும் கட்டியதில்லை. மாட்டியதும் கையை ஒரு முறை தூக்கி இறக்கிப் பார்த்தார்.

"இதுல கனமா இல்ல" என்றார்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை, காலையில் அவள் எடுத்து வைத்த தலையணையில், வைத்தபடியே கிடந்தது.

"நாலு மணிக்குப் பயிற்சிக்காரர் வருவார்" என்றாள். "வரச் சொல்லட்டுமா?"

விநாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.