காருக்குப் பிடித்த வலை

பச்சை வலை. இரண்டு பிளாஸ்டிக் குழாய்களுக்கு நடுவே இழுத்துக் கட்டியது, ஆள் உயரம், அடியில் பாசாரில், அதாவது சந்தையில், ஓடிய பழைய தள்ளுவண்டியின் சக்கரங்கள். கண்ணை மூடினால் அந்த வலைதான் முதலில் வருகிறது. அதன் ஓரத்தைப் பிடித்தபடி கை நீட்டி நிற்கும் அண்ணி அப்புறம்தான் வருகிறார். இந்த வரிசை என்னை உறுத்துகிறது. மாற்றிப் பார்க்கிறேன், முடியவில்லை.

என் அண்ணன் எங்கள் ஊரான கிள்ளானிலிருந்து தோட்டப் பராமரிப்பு வேலை எடுத்து நடத்திய காலம் அது. அண்ணன் மெஷினைத் தோளில் மாட்டிப் புல் வெட்டுவார், அண்ணி வலை பிடிப்பார், நான் வெட்டிய புல்லை வாரி லோரியில் ஏற்றுவேன். வாரம் ஒருமுறை தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். தலைக்கு மேலே மோனோரயில் போகும், கீழே புல்தரையை ஒட்டிக் கார்கள் வரிசையாக நிற்கும். பிளேடு மண்ணில் கிடக்கும் கல்லைத் தட்டிவிட்டால் அது எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கட்டட நிர்வாகி முதல் நாளே சொல்லிவிட்டார்: “அண்ணே, வலை இல்லாம வெட்டக் கூடாது லா. காருல கல்லு பட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.” வலை காரை உரசினாற்போலவே நகரவேண்டும். வலைக்கும் காருக்கும் நடுவில் ஆள் நிற்க இடம் கிடையாது. பிடிக்கிறவர் வெளியே, ஓரத்தில், மறைப்பே இல்லாத பக்கத்தில் நிற்கவேண்டும். ஆளைப் பற்றி நிர்வாகி எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிளேடுக்கு மேலே கல்லைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் கவர் உண்டு. மழைக்கு மறுநாள் ஈரப்புல் அதன் அடியில் அப்பிக்கொள்ளும், மெஷின் திணறும், நிறுத்தி நிறுத்திக் குச்சியால் சுரண்டவேண்டும். இந்த ஊரில் மழை பெய்யாத வாரம் ஏது? அண்ணன் அந்தக் கவரைக் கழற்றி லோரி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டார். எனக்குத் தெரிந்த புல்வெட்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள். கவரோடு வெட்டுகிறவனைப் புது ஆள் என்று சிரிப்பார்கள்.

ஒருநாள் காலையில் கல் பறந்தது. அண்ணியின் கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்பின்மேல். ரத்தம் கழுத்து வரை இறங்கியும் அண்ணி வலையை விடவில்லை; விட்டால் அது காரின்மேல் சாயும். ஓடிப்போய் நான்தான் வாங்கிக்கொண்டேன். கிளினிக்கில் தையல் போட்ட டாக்டர், “இன்னும் கொஞ்சம் மேல பட்டிருந்தா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அன்று அண்ணன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் காயம் ஆறி அண்ணி வேலைக்குத் திரும்பிய நாளிலும் கவர் சீட்டுக்கு அடியில்தான் கிடந்தது. நான் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, “என்ன, நீச்சல் குளத்துக்கா போற?” என்றார். வெயிலில் அதன் உள்பக்கம் ஆவி படிந்து அண்ணிக்கு எதிரே நிற்பது புல்லா காரா என்றே தெரியவில்லை.

அண்ணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வலையை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து, தனக்கும் மெஷினுக்கும் நடுவே நிறுத்தி, அதன் பின்னால் போய் நின்றுகொண்டார். கார்கள் வெட்டவெளியில் நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கறுப்புப் பெரிய கார், அன்றுதான் கழுவித் துடைத்தது.

அண்ணன் மெஷினை நிறுத்தினார். “என்ன பண்ற நீ? காரை மறை!”

“கவர போடுங்க, மறைக்கிறேன்.”

“கவர போட்டா மத்தியானத்துக்குள்ள முடியுமா? வெளயாடாத. கல்லு பட்டா யாரு பதில் சொல்றது?”

“காரு கண்ணாடிய மாத்திடலாம். என் கண்ண எந்தக் கடையில மாத்துவீங்க?”

மேலே ஒரு ஜன்னல் திறந்தது. “அங்கிள், முடிஞ்சிருச்சா? பிள்ள தூங்கணும்!” என்றாள் ஒரு பெண். அண்ணன் அண்ணியைப் பார்த்தார், கறுப்புக் காரைப் பார்த்தார், திரும்ப அண்ணியைப் பார்த்தார். பிறகு லோரிக்குப் போய் சீட்டுக்கு அடியில் கைவிட்டுக் கவரை எடுத்து மாட்டினார். அன்று வேலை முடியச் சாயங்காலம் ஆனது. பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி ஈரப்புல்லைச் சுரண்டினார், சுரண்டும்போதெல்லாம் முணுமுணுத்தார். அதன்பின் ஒருநாளும் அவர் கவரைக் கழற்றவில்லை.

அண்ணி ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கிள்ளானுக்குத் திரும்பும் வழியில், அண்ணன் பெட்ரோல் போட இறங்கியபோது, அண்ணி தணிந்த குரலில் சொன்னார்: “காருக்குப் பயந்துதான் போட்டாரு தம்பி.” கொஞ்ச நேரம் கழித்து, “எதுக்குப் போட்டா என்ன, கண்ணு என்னோடதுதானே,” என்று சிரித்தார். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குள் ஓயவே இல்லை. நான் வேறு வேலைக்குப் போனேன், ஊர் மாறினேன், திரும்பி வந்தேன். நெடுஞ்சாலையோரம் புல் வெட்டுகிற ஆட்களைப் பார்த்தால் இன்றைக்கும் என் கார் தானாக மெதுவாகிவிடுகிறது, பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிக்கிறான். இப்போது முகமறைப்பு, ஆரஞ்சுச் சட்டை, காதுக்கு மூடி எல்லாம் போடுகிறார்கள். எல்லாரும் அல்ல. கவர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்குள் கடந்துவிடுகிறேன். அண்ணன் அன்று கவரை மாட்டியது காருக்காகவா, அண்ணிக்காகவா? அண்ணன் அந்தக் கறுப்புக் காரைப் பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அண்ணியை இரண்டாம் தடவை பார்த்ததையும் பார்த்தேனே.

அண்ணன் இப்போது வேலையை விட்டுவிட்டார். காது பாதிக்குமேல் போய்விட்டது. அத்தனை வருஷம் காதுக்குப் பக்கத்திலேயே அலறிய மெஷின். கல்லுக்குப் பயந்த நாங்கள் சத்தத்துக்குப் பயப்படவில்லை, அது யார் கன்னத்தையும் கிழிக்கவில்லையே. போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் அண்ணன் பக்கம் குனிந்து கத்திக் கேட்டேன்: “அன்னிக்கு பிரிக்பீல்ட்ஸ்ல அந்தக் கறுப்புக் காருக்காகத்தானே கவர போட்டீங்க?”

அண்ணன் என் வாயையே பார்த்தார். புருவத்தைச் சுருக்கி யோசித்தார்.

“எந்தக் காரு?” என்றார். “அங்க காரு நின்னுச்சா?”

மறந்துவிட்டாரா, பாதி கேட்டாரா, மழுப்புகிறாரா, என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணி கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் டிவியை அணைத்தார்.

“இன்னொரு தடவ கேளு தம்பி,” என்றார்.