அவர் ஏறாத மச்சு

பழவங்காடியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் முன்பு ஜீப் ஓட்டிய சுகுமாரன் குடையை மடக்கிக்கொண்டே அருகில் வந்து, “மேடம், தாணு சார் போயிட்டாரு, அறிஞ்சியளா? நேத்தைக்கு, நாகர்கோவில்ல வச்சு” என்றார். சற்றுப் பொறுத்து, “நல்ல மனுஷன். அந்த ஒரு வீட்டுல மட்டும் சோம்பிட்டாரு, பாவம்” என்றார். மறுத்துச் சொல்ல பஸ் வருவதற்குள் நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளில் எங்கள் கிளையில் ஒரு சலுகை இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கூரை காற்றுக்குத் தாங்கும் என்று எங்கள் இன்ஜினியர் நேரில் பார்த்து எழுதிக்கொடுத்தால், வீட்டுப் பாலிசியின் பிரீமியத்தைக் குறைப்போம். பார்ப்பவர் தாணு சார். ஃபைலில் ஒப்புதல் போடுபவள் நான்.

ஒருமுறை பேரூர்க்கடையில் ஒரு வீட்டுக்கு அவரோடு போயிருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஓவர்சியர். வாசலிலேயே வாதத்தைத் தொடங்கிவிட்டார். “ஓடெல்லாம் நல்ல வெயிட்டாக்கும். இது எங்க சாரே பறக்கும்?”

“காத்து மேலேருந்து அமுக்காது, அடியிலேருந்து தூக்கும். வெயிட்டத்தான் நம்புவியன்னா, காத்தடிக்கும்போ நீங்களும் மேல ஏறி இருந்துக்கிடுங்க” என்றார் தாணு சார்.

உள்ளே அவர் மனைவி சிரித்தது கேட்டது. தாணு சார் கூரைக்குக் கீழிருந்த மச்சில் ஏறி, கூரையின் சாய்மரங்களை ஒவ்வொன்றாக இரண்டு கைகளாலும் மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தார். சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை நான்கு மரங்களில் இல்லை. அவற்றைப் போடும்வரை கையெழுத்துக் கிடையாது என்று சொல்லிவிட்டு, தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினார். இவ்வளவு தேவையா என்று எனக்குச் சந்தேகம். திரும்பும் வழியில் கேட்டேன். “கீழ நிண்ணு பாத்தா எல்லாக் கூரையும் நல்ல கூரைதான், மேடம்” என்றார்.

அந்த ஒரு வீடு, கிழக்கேகோட்டை அக்கிரகாரத் தெருவில் என் பெரியப்பா வீடு. அப்போது பெரியப்பா மகனான அண்ணாவும் மன்னியும் அங்கே இருந்தார்கள். உறவினரின் ஃபைலை நான் தொட்டிருக்கக் கூடாது. தொட்டேன். தாணு சாரை நானே அழைத்துப்போன அன்று பெரியப்பாவின் திவசம் என்பதை மறந்திருந்தேன். மச்சுக்கான ஏணி அடுக்களைக்கு அப்பாலிருந்த உள்ளறையில் இருந்தது. திவசச் சமையல் நடக்கும்போது அந்த வழியாக வெளியாள் யாரும் போக முடியாது. மன்னி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“அதுக்கென்ன, நான் வேற ஒரு நாள் வாறேன்” என்றார் அவர்.

“ஃபைல் இன்னிக்கே போகணும் சார். நான் சின்ன வயசுல ஏறி விளையாடின மச்சு. ஒரு குறையும் கிடையாது” என்றேன்.

அவர் அடுக்களை நிலைப்படியருகே சிறிது நேரம் நின்றார். அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஜூனில், இடவப்பாதிப் பருவமழையில், ஒரு பிற்பகல், காற்று அந்தக் கூரையின் மேற்குச் சரிவைத் தூக்கிப் போட்டது. மரங்களின் நுனி சுவருக்குள்ளேயே கரையான் அரித்துப் போயிருந்தது. கீழே படுத்திருந்த அண்ணா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார்.

விசாரணையில் தாணு சார் எழுதிக்கொடுத்தது இரண்டே வரி: மச்சில் ஏறவில்லை, சோம்பல்தான் காரணம். வராந்தாவில் அவரை நிறுத்தி, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“உள்ளத எழுதினா உங்க பேரு வரும். ஆபீஸ்ல உள்ள சொந்தக்காரி கூட இருந்து கள்ளம் காட்டினான்னு சொல்லி அந்த அம்மைக்குக் கிளெய்ம இல்லாம ஆக்கிருவானுவ. புருஷனும் போயி வீடும் போகணுமா?”

கிளெய்ம் கிடைத்தது. மன்னி வீட்டைத் திரும்பக் கட்டினாள். தாணு சாரை ரெக்கார்ட் அறைக்கு மாற்றினார்கள். “சார், மேல் ஷெல்ஃப் ஃபைல் எடுக்க ஏணி வேணுமா?” என்று புதிதாக வந்த இன்ஜினியர்கள் கேட்பார்கள். “வேண்டாம்டே, கீழ நல்ல காத்து வருது” என்பார். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன். மன்னிக்காகத்தான் மௌனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளெய்ம் முடிந்த பிறகும் அந்த மௌனம் தொடர்ந்தது. அந்தத் தெருவுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். இப்போது நான் இருப்பது கான்கிரீட் ஃபிளாட்டில், மூன்றாவது மாடியில். மேலே ஓடே இல்லை. ஆனாலும் மேற்கிலிருந்து காற்று எழும் பிற்பகல்களில் ஓடுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கிறது. எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான்.

இதுவரை எழுதியதை, அச்சுக்குக் கொடுக்கும் முன் மன்னியிடம் போய் வாசித்துக் காட்டினேன். அவள் வாசலைப் பார்த்தபடி சொன்னாள்.

“வருஷா வருஷம் உங்கண்ணா திவசத்தன்னிக்கு உங்க தாணு சார் வருவார்டீ. வாசல்லயே நிப்பார். ‘என் தப்பு, அம்மா’ன்னு சொல்லுவார். நான் ஒரு தடவை கூட உள்ள வாங்கோன்னு சொல்லலை.”

பிறகு, “நீ போயிட்டு வா” என்றாள். கதவு வரை அவள் வரவில்லை.

தாணு சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, நான் கண்ணால் பார்த்திராத அந்த நிற்றலைத்தான். மழைக் காலத்துக் காலையில், செருப்பைக் கழற்றிவிட்டு, என் தவறைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு, ஒருவர் அந்த வாசலில் நிற்கிறார். உள்ளே யாரும் கூப்பிடவில்லை.