அடிக்குரல் ஜினேவ்ரா

சாயக்காரர் தெருவில் ஜினேவ்ரா வாயைத் திறந்தாலே போதும், "டேய், எருமை வருதுடா!" என்று பிள்ளைகள் ஓடும். பதினாறு வயதில் அப்படி ஒரு கட்டைக்குரல். பெற்ற அப்பனே முகத்துக்கு நேராகச் சொன்னான்: "உன்னைக் கட்டிக்கிறவன் ராத்திரி பயந்தே செத்துருவான்."

கன்னியர் மடத்தில்தான் அந்தக் குரலுக்கு மரியாதை கிடைத்தது. நாலு குரலில் பாடும் பூசைப் பாட்டுக்கு மேல்குரல் பாடப் பெண்கள் கொட்டிக் கிடந்தார்கள். அடிக்குரலுக்கு ஆள் ஏது? மடத்துக்குள் ஆம்பளையைச் சேர்க்க முடியுமா? மடத்தில் சேரப் பெண்வீட்டார் கட்டவேண்டிய சீதனத்தைக்கூட வாங்காமல் தலைமைத் தாயார் பெலிச்சியானா அவளைச் சேர்த்து, பாடுகிற கன்னியருக்குரிய கறுப்பு முக்காட்டையும் போட்டுவிட்டாள். பிரபு வீட்டுப் பெண்கள் நடுவில் சாயக்காரன் மகள்! ஏழு வருஷம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஊர்ச்சனம் கம்பித் தடுப்புக்கு வெளியே, பாடுகிறவர் முகம் தெரியாமல் உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்கும். ஓர் ஈஸ்டர் பூசையில் எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டான்: "உள்ள ஒரு ஆம்பள பாடுறான்யா!" அவ்வளவுதான், ஊரே பற்றிக்கொண்டது. ஆயர் அனுப்பிய விசாரணைக்காரர் வந்து இறங்கினார். கன்னியரின் கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார், வெட்கங்கெட்ட மனிதர்.

"அந்தக் குரல் என்னோடதுதான், சாமி," என்றாள் ஜினேவ்ரா.

"எங்க, பாடு பாப்போம்."

அடக்கி வாசித்திருக்கலாம். இவரும் சொக்கிப் போவார் என்று நினைத்து முழுக்குரலில் பாடினாள், பைத்தியக்காரி! அவர் கடைசிவரை கேட்டார். அவள் தொண்டையையே பார்த்தார்.

"பொம்பளதான். ஆனா பொம்பளைக்கு ஏத்த குரல் இல்ல இது. நான் உசுரோட இருக்கிறவரைக்கும் இவ பாடக் கூடாது."

பாட்டுப் போனதும் தாயாருக்கு வாங்காத சீதனம் ஞாபகம் வந்தது. அன்றைக்கே கறுப்பு முக்காட்டை உருவி, வேலைக்காரக் கன்னியரின் வெள்ளையைப் போட்டுச் சமையற்கட்டுக்கு விரட்டினாள். அடிக்குரலுக்குப் பதிலாக ஒரு நீளப் பித்தளைக் கொம்பு வந்தது. அதை ஊதியவள் ஓர்தென்சியா. ஜினேவ்ரா தினமும் எண்பது பேருக்கு மாவு பிசைந்தாள். விசாரணைக்காரர் சீக்கிரம் சாகவேண்டும் என்று ஜெபித்தாள். குரல் துருப்பிடிக்கக் கூடாதே என்று காலிப் பீப்பாய்க்குள் தலையை விட்டு முனகிப் பார்த்துக்கொண்டாள்.

ஒன்பதாவது வருஷம், ரொட்டி எடுக்க வந்த ஓர்தென்சியா வீங்கின உதட்டைக் காட்டிப் புலம்பினாள்.

"ஊதி ஊதி வாயே போச்சுடி. அந்தக் கெழவன் செத்ததும் உன்னத் திரும்பக் கூப்பிடுவாங்கன்னு பாத்தேன்."

"செத்துட்டாரா? எப்ப?"

"அடிப்பாவி, உனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷம் ஆச்சே!"

மாவுக் கையோடு ஓடினாள். தாயார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொல்லி? கொம்பு நல்லாத்தான் கேக்குது, ஊர் வம்பும் இல்ல. உன்ன மாதிரி ரொட்டி சுட யாரு இருக்கா?" தாயார் ஒரு துண்டைப் பிய்த்து இறைச்சிச் சாற்றில் தோய்த்தாள். "இன்னைக்கு மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல்."

ஜினேவ்ரா அதற்கப்புறம் முப்பது வருஷம் ரொட்டி சுட்டாள். ஒருநாளும் உப்புக் கூடவில்லை.