எட்டாவது தந்தி

என் அத்தையின் கல்யாணத்துக்கு வந்த வாழ்த்துத் தந்தி ஒன்றை நான் ஒளித்துவைத்தேன். ஒளித்தபோது எனக்குப் பத்து வயது. வெளியே எடுத்தபோது எழுபத்து மூன்று. பத்து வயதில் செய்ததைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடலாம். பதின்மூன்று வயதில் அதைப் படித்துப் பொருள் புரிந்துகொண்ட பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதற்கு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை.

தந்தி வாசிப்பு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் கால மலாயாவில், எங்கள் ரெங்கம் பக்கத்து ரப்பர் எஸ்டேட் கல்யாணங்களில் காலையில் கோயிலில் தாலி ஏறிவிடும். மாலை நான்கு மணிக்கு எஸ்டேட் மண்டபத்தில் டீ பார்ட்டி. துரைமார்களைப் பார்த்துப் பழகிக்கொண்ட வழக்கம் அது. மாப்பிள்ளை கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வேர்த்து வழிவார். பெண்ணும் அவரும் ஒரே கத்தியைப் பிடித்துக் கேக் வெட்டி ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டுவார்கள். நாலு பேர் பார்க்க இப்படி ஊட்டிக்கொள்வது என்ன முறை என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே கேக்குக்குக் கை நீட்டுவார்கள்.

அதற்குப் பிறகுதான் தந்தி வாசிப்பு. வர முடியாத சொந்தக்காரர்கள் அனுப்பிய வாழ்த்துத் தந்திகளை ஒருவர் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் வாசித்து, அனுப்பியவரின் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் புரியாது. அதனால் ஒரு குறையும் இல்லை. பெயரும் ஊரும் காதில் விழுந்தால் போதும். ஈப்போவிலிருந்துகூட வந்திருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரை இடித்துச் சொல்லிக்கொள்வார்கள். தன் தந்தியை வாசிக்கவில்லை என்று கேள்விப்பட்டவர் அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்.

அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தார். நோயாளிகளுக்கு மருந்து கலந்து கொடுப்பதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை. எங்கள் எஸ்டேட்டிலிருந்து குளுவாங்குக்குப் போய் ஆங்கிலப் பள்ளியில் படித்த ஒரே பையன் நான். ஆகவே தன் தங்கையின் டீ பார்ட்டியில் மகன்தான் தந்தி வாசிப்பான் என்று ஒரு மாதத்துக்கு முன்பே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அப்பாவுக்கு ஒரு தம்பியும் உண்டு. என் சித்தப்பா. ஜோகூர் பாருவில் அரசாங்கக் குமாஸ்தா. அங்கே கூட வேலை செய்த சிலோன்காரர் ஒருவரின் மகளை யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டார். அப்பாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. அத்தையின் கல்யாணப் பத்திரிகையை அனுப்பியபோது அப்பா உறையின் மேல் சித்தப்பாவின் பெயரை மட்டும் எழுதினார். சித்தியின் பெயரை எழுதவில்லை. சித்தப்பா கல்யாணத்துக்கு வரவில்லை.

தந்திகளில் ஐந்து முந்தின நாளே வந்துவிட்டன. பிரித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு பெரிய நிம்மதி கிடைத்தது. ஐந்திலும் ஒரே வரி. நீண்டகாலம் இன்பமாய் இல்லறம் நடத்த வாழ்த்துகள். தபால் ஆபீசில் இப்படித் தயார் வாசகங்கள் இருந்தன. எண்ணைச் சொன்னால் போதும், குறைந்த கட்டணத்தில் போய்ச் சேரும். அந்த ஒரு வரியை இரவெல்லாம் உருப்போட்டுவிட்டேன்.

மறுநாள் பால் டின் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் என்னை நிற்க வைத்தார்கள். முதல் தந்தியை வாசித்தேன். கைதட்டல். இரண்டாவதை இன்னும் வேகமாக. கங்காணி ஒருவர் உரக்கச் சொன்னார்.

“டிரஸ்ஸர் மவன் வாய்ல வெள்ளக்காரன்ல குந்தியிருக்கான்.”

அப்பா கேட்காததுபோல் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். மேடையில் அத்தை கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் ஆங்கிலத்தில் சொக்கிப்போய்விட்டார் என்று நினைத்தேன். குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

நான்காவதை முடிக்கும்போது தபால்காரர் சைக்கிளில் வந்து மேலும் மூன்றை என் கையிலேயே கொடுத்துவிட்டு, கேக் இருக்கும் பக்கம் போனார். ஐந்து, ஆறு, ஏழு. எல்லாம் அதே வரி. எட்டாவதைப் பிரித்தேன். அது நீளமாக இருந்தது. தெரிந்த வரி அதில் இல்லை. மனதுக்குள் படித்துப் பார்த்தேன். மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டேன். அந்தச் சொல்லை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதற்குக் கீழேயும் அப்படிப்பட்ட சொற்கள் வரிசையாக நின்றன. பெட்டிக்குக் கீழே இருநூறு முகங்கள். அப்பாவின் கை இன்னும் மீசையில் இருந்தது.

தந்தியை மடித்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“அவ்ளோதானாடா?” என்று அப்பா கேட்டார்.

“அவ்ளோதான்ப்பா.”

மண்டபமே கைதட்டியது. அத்தை மட்டும் தட்டவில்லை. கையில் மாலை இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை. கேக்கின் மேலே இருந்த சர்க்கரை ரோஜா எனக்கே வந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே பொந்தியானுக்குக் காரேறினார். பெண்கள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அழுவது வழக்கம்தானே என்று ரோஜாவைக் கடித்துக்கொண்டு கையசைத்தேன்.

தந்தி என் அட்லஸ் புத்தகத்துக்குள் போயிற்று. மூன்று வருடம் கழித்து எதையோ தேடும்போது கையில் அகப்பட்டது. அதற்குள் எனக்கு ஆங்கிலம் நன்றாக வந்திருந்தது. தமிழில் சொன்னால் அதில் இருந்தது இதுதான்.

‘பாப்பா, மழைக்காலத்தில் உன்னை முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் சேர்த்தவன் நான். இனி மாப்பிள்ளை சுமக்கட்டும். கனம் அதிகம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. வராதது உன்மேல் கோபத்தால் இல்லை. சின்னண்ணன், உன் அண்ணி.’

ஆங்கில எழுத்தில் தமிழாகவே நின்ற அண்ணி என்ற அந்தக் கடைசிச் சொல் மண்டபத்தில் விழுந்திருந்தால், உறையில் எழுதாமல் விட்ட உறவு இருநூறு பேர் முன்னால் நிலைத்திருக்கும். அதற்காகத்தான் சித்தப்பா இருநூறு பேர் கேட்கும் இடத்துக்கு அதை அனுப்பியிருந்தார். அது வாசிக்கப்படவில்லை என்று யாரோ போய்ச் சொன்னதும், அண்ணன்தான் வேண்டுமென்றே மறைத்துவிட்டார் என்று முடிவுகட்டினார். அப்பாவோ தம்பி ஒரு தந்தி அடிக்கக்கூட மனமில்லாதவன் என்று நினைத்தார். ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை. அத்தை என் அம்மாவிடம் மட்டும் சொல்லுவார்.

“அண்ணி, எனக்கு ரெண்டு அண்ணன். ஒருத்தரு கட்டிக் குடுத்தாரு. இன்னொருத்தருக்கு நான் இருக்கறதே ஞாபகம் வரல.”

இதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்திலேயே சோறு தின்றிருக்கிறேன். சொன்னால் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார் என்று முதலில் பயந்தேன். பிறகு அவர் பெருமை போய்விடுமே என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் சொல்லும் வயது தாண்டிவிட்டது என்று சும்மா இருந்தேன். நான் வாங்கிய வேலையும் ஆங்கில ஆசிரியர் வேலைதான். தெரியாத சொல்லைக் கண்டால் வெட்கப்படாதே, கையைத் தூக்கிக் கேள் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்பா செத்தபோது சித்தப்பா வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டு, டீ குடிக்காமல் போனார்.

சென்ற வருடம் அத்தையின் பேத்திக்கு ஜோகூர் பாருவில் ஒரு ஓட்டலில் வரவேற்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம். பேத்தி எல்லோரையும் அழைத்திருந்தாள். அத்தை இந்த மேசை, சித்தப்பாவும் சித்தியும் அந்த மேசை. எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான்.

வழக்கங்கள் வெகுதூரம் வந்துவிட்டன. பெண்ணும் மாப்பிள்ளையும் புகைக்கு நடுவே ஆடிக்கொண்டு நுழைந்தார்கள். ஐந்தடுக்குக் கேக்கில் நான்கு அடுக்கு அட்டை. மாப்பிள்ளையை அவன் நண்பர்கள் தண்டால் எடுக்க வைத்தார்கள். பிறகு சீனர் விருந்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட யாம் செங். கிளாசைத் தூக்கி, யாம் என்பதை மூச்சுள்ளவரை இழுத்து, செங் என்று முடிக்க வேண்டும். என் வயதுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எண்பத்திரண்டு வயது அத்தை சிராப் சர்பத் கிளாசைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் கடைசியாகத்தான் செங் சொல்லி முடித்துச் சிரித்தார்.

அன்று வரும்போது அந்தத் தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எழுந்துபோய் மைக் வைத்திருந்த பையனிடம் ஒரு தந்தி வாசிக்க வேண்டும் என்றேன்.

“அலமாக், தந்தியா? எப்ப வந்துச்சு அங்கிள்?”

“அறுபத்து மூணு வருசத்துக்கு முன்னாடி.”

“ரொம்ப லேட்டு லா,” என்று மைக்கைக் கொடுத்தான்.

நடந்ததைச் சொன்னேன். கூட்டம் இதை ஒரு வேடிக்கை நிகழ்ச்சி என்று எண்ணிச் சிரித்தது. ஆங்கிலத்தில் வாசித்து, தமிழிலும் சொன்னேன். கனம் என்ற இடத்தில் பெரிய சிரிப்பு. அத்தை சிரிக்கவில்லை. எழுந்து வந்து காகிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, கடைசி வரியில் விரலை வைத்துப் பார்த்தார். காகிதத்தோடு நேராகச் சித்தப்பாவின் மேசைக்குப் போனார். ஒலிபெருக்கி இரைச்சலில் சித்தப்பாவுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. சித்திதான் அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“யாரு கனம்?” என்றார் அத்தை.

சித்தப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இப்ப இன்னும் கூடிப்போச்சு.”

அத்தை அவர் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு சித்திக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அழுதார், சிரித்தார், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். சித்தி என்னைப் பார்த்தார்.

“இன்னொருக்கா வாசியும் தம்பி. அண்ணி எண்டு வாற இடத்தைக் கொஞ்சம் சத்தமா.”

மூன்று முறை வாசித்தேன். அதற்கும் ஒரு யாம் செங் நடந்தது. ஆனால் சித்தப்பா என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. காருக்குப் போகும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இவ்ளோ வருசமா உங்கப்பா மேல ஒரு கோவம் வச்சிருந்தேன். அத இப்ப எங்கடா கொண்டுபோய் வைக்கிறது?”

காரின் கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவரே அத்தையையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு குளுவாங்கில் என் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் மாட்டியிருந்த அப்பாவின் படத்துக்கு எதிரே நாற்காலியைப் போடச் சொன்னார். படத்திலும் அப்பாவுக்கு அதே மீசை.

“வாசி. அண்ணனும் கேக்கட்டும்.”

காகிதத்தைப் பிரித்தேன். இரண்டு சொல் வந்தது. மூன்றாவதில், பத்து வயதில் போலவே, வாசிப்பு நின்றுபோனது. காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்தப்பா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தார். நான் தொடராததால் அடுத்ததையும் அவரே சொன்னார். பிறகு நிறுத்தாமல், ஒரு சொல்கூட விடாமல், அண்ணி என்ற கடைசிச் சொல்வரை போனார். எண்பத்தேழு வயது. காகிதம் என் கையில் இருந்தது.