மண்ணும் தண்ணீரும் கேட்டு வந்தவன்

பாரசீகப் பேரரசர் கிரேக்க நகரங்களுக்குத் தூதர்களை அனுப்பிக் கேட்டது ஒரு பிடி மண்ணும் கொஞ்சம் தண்ணீரும்தான். கொடுத்துவிட்டால் அந்த ஊர் அவருக்கு அடங்கிவிட்டது என்று அர்த்தம். தஞ்சாவூரில் ஒரு போட்டித்தேர்வு மையத்தில் நான் சரித்திரம் எடுக்கிறேன். "மண்ணை வச்சு ராஜா என்ன பண்ணுவாரு, மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னபோது என் கணவருக்கு ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டியிருக்கவில்லை. ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே, "தாரை வார்த்துக் குடுங்கறான், அதானே?" என்றார். எங்கள் பக்கம் நிலத்தைத் தானமாகக் கொடுப்பதென்றால் வாங்குபவர் கையில் தண்ணீர் ஊற்றித்தான் கொடுப்பார்கள். விவசாயிக்கு அது போதும்.

ஏதென்ஸ்காரர்கள் வந்த தூதர்களைப் பள்ளத்தில் தள்ளினார்கள், ஸ்பார்ட்டாக்காரர்கள் கிணற்றில் தள்ளி, வேண்டிய மண்ணையும் தண்ணீரையும் அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றேன். "அப்படிப் போடு!" என்று தொடையைத் தட்டினார். தட்டியவர் கையைக் கழுவிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். மீதிக் கதையைக் கேட்க அந்த மனுஷனுக்கு ஏது பொறுமை!

அந்தச் சம்பாப் பருவத்தில் எங்கள் ஊரே கொதித்துக் கிடந்தது. வயல்களுக்கு நடுவில் எரிவாயுக் கிணறு தோண்டப் போகிறார்கள் என்ற பேச்சு. எதிர்த்து நின்றவர்களில் என் கணவர்தான் முன்னால். எண்ணெய்க் கம்பெனி என்றாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்ட சமயத்தில் ஒரு காலையில் ஒரு பையன் பைக்கில் வந்து, ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், வரப்பில் மண்ணைத் தோண்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டான். வாய்க்காலில் இறங்கிப் பாட்டிலில் தண்ணீரும் பிடித்துக்கொண்டான். வேறு எந்த ஊரிலும் இதை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் சோதனைக்கு மண் எடுக்க வருகிறவன் பின்னாலேயே அளந்து கல் நட வருவார்கள், அதற்குப் பின்னால் குழாய் வரும். களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் போட்டார்கள், ஆண்கள் ஓடிவந்து பிடித்துவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதகடியில் கூட்டம். ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது, மதகுக்குள் விழும் இடத்தில் நுரைத்துச் சுழன்றது. பையனின் சட்டைக் காலரை என் கணவர் பிடித்திருந்தார். அவன் உதடு கிழிந்து ரத்தம் வடிந்தது.

"ஸ்பார்ட்டான்னு ஒரு ஊரு!" என்று கத்திக்கொண்டிருந்தார். "மண்ணும் தண்ணியும் கேட்டு வந்தவனைக் கெணத்துல தூக்கிப் போட்டு, உள்ள இருக்கு எடுத்துக்கடான்னானுவோ!"

"கெணறு இல்லன்னா என்ன மாமா, மதகு இருக்குல்ல!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். இன்னும் இரண்டு பேர் பையனின் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் கால் மதகுச் சுவரில் வழுக்கியது.

என்னைப் பார்த்து, "அக்கா, எனக்கு நீச்சல் தெரியாதுக்கா" என்றான். "எடுத்துட்டு வரச் சொன்னாங்க, வந்தேன். எதுக்குன்னுகூட தெரியாதுக்கா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் சொன்ன பாடத்தில் பாதியைப் பிய்த்துக்கொண்டு வந்து ஒரு உயிரை எடுக்கப் பார்க்கிறாரே!

"மீதியையும் கேட்டுட்டுத் தள்ளுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். "தூதனைக் கொன்ன பாவம் அந்த ஊரை விடல. எத்தனையோ பலி குடுத்தும் சாமி உத்தரவு குடுக்கல. கடைசியில ரெண்டு பேரு, பெரிய வீட்டு ஆளுங்க, எங்க உயிரை எடுத்துக்குங்கன்னு பாரசீகத்துக்கே நடந்து போனாங்க. அதுக்குள்ள ராஜாவோட மகன் பட்டத்துக்கு வந்துட்டான். உங்களை மாதிரி தூதனைக் கொல்ற ஆளு நான் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டான். சரி, தப்பிச்சாங்களா? பின்னாடி அந்த ரெண்டு பேரோட புள்ளைங்க வேற தேசத்துக்குத் தூது போனப்ப, ஏதென்ஸ்காரங்க புடிச்சுக் கொன்னாங்க. அப்பன்மாரு தப்பிச்சாங்க, புள்ளைங்க மாட்டிக்கிட்டாங்க."

"அண்ணி, அதெல்லாம் கதை. நீங்க தள்ளிப் போங்க" என்றான் கையைப் பிடித்திருந்தவன். என் கணவர் என்னைப் பார்க்கவே இல்லை. பையனை இன்னும் ஒரு அடி சுவரோரம் தள்ளினார். அவன் அழக்கூட மறந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்ததை ஊர் முன்னால் எடுத்துப் போட்டேன்.

"ஏங்க, நம்ம புள்ள வளைகுடாவுல என்ன வேலை பாக்குறான்? சொல்லுங்க. ஏசி மெக்கானிக்குன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கீங்களே, நெசமா என்ன வேலை? எண்ணெய்க் கம்பெனியில மண்ணு எடுக்குற வேலைதானே? இவன் எடுத்த மாதிரியே பையில போட்டு, பாட்டில்ல புடிச்சுத்தானே குடுக்குறான்? அந்தச் சம்பளத்துலதானே நம்ம வயல்ல போர்வெல் போட்டோம்?"

"மாமா, நெசமாவா?" என்றான் ஒருவன். அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றத்தை என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமாக அவர் பின்னால் கொடி பிடித்து வந்தவன் அவன். காலரிலிருந்து என் கணவரின் கை மெல்ல நழுவியது. பிறகு அவரே பையனை இந்தப் பக்கம் இழுத்து நிறுத்தி, "போ" என்றார். மற்ற இருவரும் கையை விட்டார்கள். பையன் பையையும் பாட்டிலையும் போட்டது போட்டபடி பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ஒருவரும் தடுக்கவில்லை. கூட்டம் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே கலைந்தது.

வீட்டுக்குப் போனதும் என்னைக் கிழித்து நார் நாராக்கிவிடுவார் என்று தயாராகத்தான் இருந்தேன். நானும் விடுவதாக இல்லை. அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டார். வழக்கமாகச் சம்பளம் வந்ததா, எப்போது லீவு என்றுதான் ஆரம்பிப்பார்.

"தம்பி" என்றார். "மண்ணு எடுக்கப் போற எடத்துல... அந்த ஊர்க்காரவங்க யாரும் உன்னை ஒண்ணும் பண்ணலியே?"