மூச்சை விடும்போது எடுக்காத படம்

ஓய்வூதியர் மருத்துவத் திட்டத்தின் வழிகாட்டி நூலில், கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருக்கிறது அந்த விதி: மருத்துவர் கேட்டபடி ஸ்கேன் எடுக்கப்படாவிட்டால், ஏழு வேலை நாட்களுக்குள் கட்டணமின்றி மறுபடி எடுத்துத் தர வேண்டும். தாலுகா அலுவலகத்தில் தலை நரைத்தவன் நான். எந்த நூலையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன்.

மூச்சை விடும்போதெல்லாம் என் மனைவிக்கு இரைந்தது. ஆஸ்துமா மருந்து எதுவும் கேட்கவில்லை. மூச்சுக்குழாயின் சுவர் தளர்ந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அப்படியிருந்தால் மூச்சை இழுக்கும்போது குழாய் விரிந்து நன்றாகவே தெரியும். விடும்போதுதான் அமுங்கி அடைக்கும். அதனால் இரண்டு நிலையிலும் படம் கேட்டு எழுதினார். அது இல்லாமல் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது என்றார்.

கோவில்பட்டி ஸ்கேன் மையத்தில் ஒன்றுதான் எடுத்தார்கள். மூச்சுக்குழாய் இயல்பாக உள்ளதாக அறிக்கை வந்தது.

"இழுக்கச் சொன்னாவ, பிடிக்கச் சொன்னாவ. விடச் சொல்லவே இல்ல. நானாத்தான் விட்டேன்," என்றாள் மனைவி.

திரும்பப் போய்க் கேட்டேன். மேசையிலிருந்த பெண் சிரித்தாள். "நார்மல்னு வந்ததுக்கு யாராவது சண்டைக்கு வருவாவளா, அண்ணாச்சி? சந்தோசமாப் போங்க." மறுபடி எடுக்கத் திட்ட அலுவலகம் அனுமதி தர வேண்டுமாம்.

கைக்காசு போட்டு எடுத்துவிடலாம் என்றேன். மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவிய செஞ்ச தப்புக்கு நாம எதுக்கு அழணும்? ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்குதீங்க. பொண்டாட்டிக்கு ஒண்ணு எழுதக் கை வலிக்குதோ?"

எழுதினேன். விதி, பக்கம், இணைப்புகள் எல்லாம் கச்சிதம். இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு நினைவூட்டல் போட்டேன். அந்த நினைவூட்டலுக்கும் ஒரு நினைவூட்டல். கரிசலில் உளுந்து பூத்துக் காய் பிடித்தது. பதில் இல்லை.

மார்கழியில் அவளால் படுக்க முடியாமல் போனது. சாப்பாட்டு மேசைமேல் தலையணை வைத்து, அதில் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். இனி அவளிடம் கேட்கக் கூடாது என்று பணத்தோடு ஸ்கேன் மையத்துக்குக் கூட்டிப்போனேன். பலகையில் மல்லாத்திய உடனே திணறி எழுந்துவிட்டாள். மறுபடி மறுபடி முயன்றார்கள்.

"படுக்க முடியலன்னா படம் எடுக்க ஏலாது, சார்," என்றார் இயந்திரத்தை இயக்குபவர்.

ஊர் திரும்பக் கழுகுமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "மனுவுக்குப் பதில் வந்துச்சா?"

அதுவரை வரவில்லை. பிறகொரு நாள் வீட்டில் இருக்கும்போது வந்தது, கைபேசியில். மறு ஸ்கேனுக்கு அனுமதி வழங்கப்பட்டிருந்தது. விதியைக்கூடச் சரியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். வாசித்துக் காட்டினேன். தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமலே, "செயிச்சிட்டீங்கள்லா," என்றாள்.

அன்று தை இரண்டாம் தேதி, மாட்டுப் பொங்கல் விடுமுறை. ஏழு வேலை நாள் கணக்கில் அது சேராது.